வலிக்குச் சாட்சி யார்? அரிவாள் செல் சோகையோடு வளரும் பிள்ளைகள்

அரிவாள் செல் சோகை உள்ள ஒரு பிள்ளை "கால் எலும்பெல்லாம் வலிக்கிறது" என்று அழுதால், அதை உறுதிசெய்து சொல்ல எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. வலி இல்லாத நாளிலும் அந்தப் பிள்ளையின் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருக்கும். வலி வந்த நாளிலும் பெரும்பாலும் அதே அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் பல நேரம் ஒன்றும் தெரியாது. காய்ச்சல் அடிக்கலாம், அடிக்காமலும் இருக்கலாம். பிள்ளையின் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி. வலியைத் தாங்குவது ஒரு பாடு என்றால், அதை அடுத்தவரிடம் சொல்லி நம்பவைப்பது இன்னொரு பாடு. இந்த நோயோடு வளர்கிற பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே சுமக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட வலியில் ஒற்றைத் தலைவலி, வயிற்றுவலி, மூட்டுவாதம் என்று பல வகை உண்டு. அவற்றில் இதை எடுத்துக்கொள்ளக் காரணம், இது நமக்கு மிக அருகில் நீலகிரி மலையில் இருக்கிறது. அப்படி இருந்தும் சமவெளியில் பலருக்கு இதன் பெயரே தெரியாது.

சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அமினோ அமிலங்கள் கோத்த அதன் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டும்; இந்த நோயில் அங்கே வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு மாற்றம்தான். ஆனால் ஆக்சிஜன் குறைந்ததும் அந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, வட்டமான சிவப்பணுவை அரிவாள்போல வளைத்து விறைக்கவைக்கின்றன. விறைத்த அணுக்கள் சிறு ரத்தக்குழாய்களில் சிக்கி வழியை அடைக்கின்றன. அடைப்புக்கு அப்பால் இருக்கும் எலும்பும் தசையும் ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கின்றன. அந்தத் தவிப்புதான் வலி. சாதாரணமாக 120 நாள் வாழும் சிவப்பணு இங்கே 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுகிறது. அதனால் சோகையும், கண்ணில் மஞ்சளும்.

தாய், தந்தை இருவரும் இந்தக் கோளாறுள்ள மரபணுவை இரண்டு படிகளில் ஒன்றில் மட்டும் சுமப்பவர்களாக இருந்தால் அவர்களுக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இருக்காது. ஆனால் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மலேரியா தலைமுறை தலைமுறையாக மக்களை வாரிக்கொண்டுபோன காட்டுப் பகுதிகளில், ஒரு மரபணுவை மட்டும் சுமந்தவர்கள் அந்தக் காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்தார்கள். அதனால்தான் இது ஆப்பிரிக்காவிலும் நம் மலைகளிலும் நிலைத்தது. நீலகிரிப் பழங்குடிகளிடம் இது இருப்பதை ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் 1952-இல் எழுதினார்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கங்களில் பணியர், இருளர், குறும்பர் உள்ளிட்ட சமூகங்களிலும், எல்லை தாண்டி வயநாட்டில் வயநாடன் செட்டி சமூகத்திலும் இந்த நோய் உண்டு. அங்கெல்லாம் "சிக்கிள் செல்" என்றால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவில் காணப்படும் மரபணு வகையில், கருவில் இருக்கும்போது உருவாகும், இந்தக் கோளாறு இல்லாத கருக்கால ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருப்பதால், ஆப்பிரிக்க வகையைவிட இது லேசானது என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. சராசரியில் அது சரியாக இருக்கலாம். ஆனால் வலியில் புரளும் ஒரு பிள்ளைக்குச் சராசரியால் என்ன பயன்? இந்திய வகையிலும் ஆண்டுக்குப் பலமுறை மருத்துவமனைக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். "லேசானது" என்ற அந்தச் சொல் மருத்துவர் மனத்தில் பதிந்துவிட்டால், எதிரில் அழுகிற பிள்ளை மிகைப்படுத்துகிறது என்றே தோன்றும்.

பேச்சு வருமுன் வரும் வலி

பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பெரும்பகுதி கருக்கால ஹீமோகுளோபின். அதில் இந்தக் கோளாறு இல்லை. அது மெல்லக் குறைந்து, ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும்போதுதான் நோய் தலைகாட்டும். பல குழந்தைகளுக்கு முதல் அடையாளமே கையும் காலும் வீங்குவதுதான். புறங்கையும் பாதமும் உப்பி, தொட்டால் வீறிட்டு அழும். சுளுக்கு என்று எண்ணெய் தேய்ப்பார்கள். பூச்சி கடித்திருக்கும் என்பார்கள். ஓயாமல் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் நடக்கிற தாய்க்குக் காரணம் தெரிய மாதங்கள் ஆகலாம், சில நேரம் ஆண்டுகள்.

கைக்குழந்தைக்கு வலி தெரியுமா என்ற கேள்வியே மருத்துவத்தில் வெகுநாள் இருந்தது என்றால் இன்று நம்புவது கடினம். 1980-கள் வரைகூட, பிறந்த குழந்தைகளுக்கு நரம்பு மண்டலம் முதிரவில்லை, அவற்றுக்கு வலி உணர்வு இல்லை என்று கருதி, போதிய மயக்க மருந்தோ வலிநிவாரணியோ இல்லாமல் அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைகள் மேலை நாடுகளில் இருந்தன. 1987-இல் கன்வல்ஜீத் ஆனந்த், பால் ஹிக்கி என்ற இரு மருத்துவர்கள் சான்றுகளைத் திரட்டி எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்தது. அந்தக் குழந்தைகள் அழாமல் இல்லை. அழுகையை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் திருத்தி வெளியிட்ட வரையறையில், ஒருவர் தனக்கு வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும், வாயால் சொல்ல இயலாததால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்றும் எழுதிவைக்க வேண்டியிருந்தது. இவ்வளவு எளிய விஷயத்தைக்கூட எழுதிவைத்தால்தான் நடக்கும் என்ற நிலை.

"வலிக்கிறவன் போனில் விளையாடுவானா?"

வலி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைத் தூண்டுகிறவை எவை என்று தெரியும்: குளிர், தண்ணீர் குறைவு, காய்ச்சல், அளவுமீறிய உடல் உழைப்பு, மன உளைச்சல். பல பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாள்களில் கூடும். ஜூன் தொடங்கிவிட்டால் கூடலூரில் மழையும் ஈரக்காற்றும் வாரக்கணக்கில் விடாது. ஒரு போர்வை, காயாத சீருடை, விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல் என்று இருக்கும் விடுதியில் இந்தப் பிள்ளைகளுக்கு அந்த மாதங்கள் எப்படிக் கழியும் என்பதை நாமே ஊகிக்கலாம்.

வலி பொதுவாக முதுகு, இடுப்பு, நெஞ்சு, கைகால்களின் நீண்ட எலும்புகள் ஆகியவற்றில் வரும். சில மணி நேரத்தில் அடங்கலாம், நாள்கணக்கிலும் நீளலாம். எலும்புக்குள்ளே குத்துவது, பிழிவது, உடைவது என்று பிள்ளைகள் விதவிதமாகச் சொல்கிறார்கள். தழும்பு இல்லை, கட்டு இல்லை, ரத்தம் இல்லை. நேற்றுக் கபடி ஆடியவன் இன்று எழுந்து நிற்க முடியவில்லை என்கிறான். நாளை மறுநாள் மறுபடியும் ஓடுகிறான். பார்க்கிறவர்களுக்கு இதில் எது நடிப்பு, எது உண்மை என்ற சந்தேகம் வருவதற்கு இது போதும். தேர்வு நாளில் வலி வந்தால் சொல்லவே வேண்டாம். மன உளைச்சலும் வலியைத் தூண்டும் என்பதால் தேர்வு நாளில் வலி வருவது இயல்பு. அதையே பொய்க்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வதுதான் கொடுமை.

மருத்துவமனை வார்டில் நடப்பது இன்னும் நுட்பமானது. நாள்பட்ட வலியோடு வளர்கிற பிள்ளை, திடீரென்று கை முறிந்த பிள்ளையைப்போல அழுவதில்லை. அழுது அழுது அதனால் பயனில்லை என்று கற்றிருக்கிறது. அழுதால் மூச்சு வாங்கி வலி கூடுகிறது என்றும் கற்றிருக்கிறது. எனவே அசையாமல் சுருண்டு படுத்திருக்கும். அல்லது அப்பாவின் செல்போனை வாங்கி விளையாடிக்கொண்டிருக்கும். கவனத்தை வேறு பக்கம் திருப்புவது வலியைத் தணிக்க உதவும் வழிகளில் ஒன்று. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் சுற்று வரும் செவிலியரின் கண்ணில் படுவது விளையாடுகிற பிள்ளை. "பத்துக்கு எவ்வளவு வலி?" என்று கேட்டால் "எட்டு" என்கிறது. எட்டு என்கிறவன் விளையாடுவானா? ஊசி தள்ளிப்போகிறது. அடுத்தமுறை அந்தப் பிள்ளை என்ன செய்யும்? நம்பவைப்பதற்காகச் சத்தமாக அழும். அப்போது "ஆள் வந்ததும் அழுகிறான் பார்" என்பார்கள். அமைதியாக இருந்தாலும் பொய்யன், அழுதாலும் பொய்யன்.

இந்தப் பொறியை உண்டாக்கியது பிள்ளைகள் அல்ல. வலி உள்ளவர் இப்படித்தான் இருப்பார் என்று பெரியவர்கள் மனத்தில் வைத்திருக்கும் உருவம், ஒரு நாள் வலியைப் பார்த்து உருவானது. ஆண்டுக்கணக்கான வலியின் முகம் வேறு. மார்கோ மெக்காஃபரி என்ற அமெரிக்கச் செவிலியர் 1968-இலேயே எழுதினார்: அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுதான் வலி; இருக்கிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம் அது இருக்கிறது. அரை நூற்றாண்டு கடந்தும் இது எல்லா வார்டுகளுக்கும் வந்து சேரவில்லை.

பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அரிவாள் செல் வலியோடு வருகிறவருக்கு வந்த 30 நிமிடத்துக்குள் வலிமருந்து கொடுக்க வேண்டும் என்கிறது. கடும் வலி என்றால், அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின் போன்ற வலிய மருந்து. நம் ஊரில் சிறிய மருத்துவமனைகளில் மார்ஃபின் இருப்பதே அரிது. போதைப்பொருள் தடுப்புக்கான 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடிகள் 2014 திருத்தத்தில் தளர்த்தப்பட்டன. ஆனால் கையிருப்பில் வைக்கவும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் உள்ள தயக்கம் தளரவில்லை. பழக்கமாகிவிடும் என்ற அச்சம் முழுக்க அடிப்படையற்றது அல்ல, கண்காணிப்போடுதான் கொடுக்க வேண்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளையைப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து இரவு முழுக்கத் துடிக்கவிடுவதற்கு அந்த அச்சம் ஒரு காரணமாகாது.

இரண்டு வலிகள்

திடீரென்று கடும் வலி தாக்குவதை நெருக்கடி என்பார்கள். அது வரும், போகும், இடையில் பிள்ளை நலமாக இருக்கும் என்பதுதான் பழைய எண்ணம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 16 வயதுக்கு மேற்பட்ட 232 பேரிடம் அன்றாடம் நாட்குறிப்பு எழுதச் சொல்லி, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட நாள்களில் வலி இருந்ததாகப் பதிவாகியிருந்தது. மருத்துவமனைக்குப் போனது அவற்றில் மிகச் சில நாள்களில்தான். மீதி வலியெல்லாம் வீட்டில், வெளியே தெரியாமல்.

பதின்ம வயதில் இந்த மாற்றம் தொடங்குகிறது. சிறு வயதில் விட்டுவிட்டு வந்த வலி, சிலருக்கு வாரத்தின் பெரும்பாலான நாள்களில் நிலைகொள்கிறது. ஒரு காரணம் எலும்பில் இருக்கிறது: இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு ரத்தம் போகாமல் அது மெல்லச் சிதைந்து, நடக்கும்போதெல்லாம் வலிக்கும். இன்னொரு காரணம் நரம்பில் இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த வலியால் தண்டுவடமும் மூளையும் கூர்மையேறி, சிறு தூண்டலுக்கும் பெரிய வலியாகப் பதில் சொல்லத் தொடங்குகின்றன. அப்போது ரத்தக்குழாயில் புது அடைப்பு இல்லாமலேயே வலிக்கும். அது கற்பனை அல்ல, மனநோயும் அல்ல. ஆனால் "ரிப்போர்ட் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்ற பதிலை அதிகம் கேட்பவர்கள் இவர்கள்தான்.

பதினைந்து வயதில் எல்லோருக்கும் உடம்பு ஒரு கவலை. இவர்களுக்கு அது இரட்டிப்பு. வளர்ச்சியும் பருவமடைதலும் ஓரிரு ஆண்டுகள் தள்ளிப்போவது இந்த நோயில் வழக்கம். வகுப்பில் மற்றவர்களுக்கு மீசை அரும்பும்போது இவன் சிறு பையனாகவே இருப்பான். கண் மஞ்சளாக இருக்கும். மஞ்சள் காமாலை, ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். சிறுநீரைச் செறிவாக்கும் திறனைச் சிறுநீரகம் இழப்பதால் அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டும். சிலர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலும் படுக்கையை நனைப்பார்கள். விடுதியில் இருபது பேர் படுத்திருக்கும் கூடத்தில் இதைவிட அவமானம் ஒரு பையனுக்கு என்ன வேண்டும்? அதனால் மாலைக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் அணுக்கள் விறைக்கும், வலி வரும். பெண்பிள்ளைகளில் சிலர் பள்ளிக் கழிப்பறையின் நிலையைப் பார்த்துப் பகல் முழுக்கவும் குடிப்பதில்லை. "நிறையத் தண்ணீர் குடி" என்ற மருத்துவரின் அறிவுரை எவ்வளவு எளிதாக இருக்கிறது! பூட்டாத, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறை இல்லாமல் அந்த அறிவுரையால் பயனில்லை.

வீட்டில் வேறொரு மறைப்பு. தேயிலைத் தோட்டக் கூலிக்குப் போகிற வீடுகளில் பிள்ளைக்கு வலி என்றால் தாய்க்கு அன்றைய கூலி இல்லை. மருத்துவமனைக்கு ஜீப் பிடிக்கப் பணம் வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளை இதையெல்லாம் கணக்குப் போடும். "லேசாகத்தான் வலிக்கிறது, நீ போ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். மருத்துவமனையில் நம்புகிறவர் இல்லை என்பதால் கூட்டிச் சொல்ல நேர்கிற அதே பிள்ளை, வீட்டில் நம்பிவிடுவார்களே என்பதால் குறைத்துச் சொல்கிறது. நாள்பட்ட வலி ஒரு பிள்ளையை எவ்வளவு சீக்கிரம் பெரியவராக்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

மாத்திரையும் மற்றவையும்

நல்ல செய்தியும் இருக்கிறது. ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டி அணுக்கள் வளைவதைக் குறைக்கிறது. பெரியவர்களிடம் நடந்த 1995-ஆம் ஆண்டு ஆய்வில் வலி நெருக்கடிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. ஒரு வயதையொட்டிய குழந்தைகளிடமும் பலன் தருகிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. விலை குறைவு. ஆனால் தினமும் விழுங்க வேண்டும், ரத்த அணுக்களை அவ்வப்போது எண்ணிப் பார்க்க வேண்டும். சில மாதம் வலி இல்லாமல் போனால் பதின்ம வயதுப் பிள்ளை மாத்திரையை நிறுத்திவிடும். இதை அலட்சியம் என்று திட்டுவார்கள். நோயாளியாக இல்லாமல் கொஞ்ச நாள் இருந்து பார்க்கும் ஆசை அது. திட்டினால் மறைவாக நிறுத்துவார்கள், பேசினால் தொடர வாய்ப்பு உண்டு.

எலும்பு மஜ்ஜை மாற்றமும், 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட மரபணு சிகிச்சையும் இருக்கின்றன. மரபணு சிகிச்சையின் விலை 20 லட்சம் டாலருக்கும் மேல். பந்தலூர்ப் பிள்ளைக்கு அது இப்போதைக்கு எட்டாது.

நெருக்கடிகளுக்கு இடையிலான வலிக்கு மாத்திரை மட்டும் போதாது. குழந்தைகளின் நாள்பட்ட வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சி, மனநலப் பயிற்சி, மருந்து ஆகிய மூன்றையும் பிள்ளையின் தேவைக்கேற்பப் பயன்படுத்தச் சொல்கிறது. மூச்சைச் சீராக்கப் பழகுதல், தூக்கத்தை ஒழுங்காக்குதல், வலி இருக்கும்போதே கொஞ்சம் நடந்து பழகுதல் இவையெல்லாம் உதவுகின்றன. ஆனால் வரிசை முக்கியம். வலி உண்மை என்று ஒப்புக்கொண்ட பிறகு சொல்லும்போதுதான் இது சிகிச்சை. அதற்கு முன்பே "மனசை வேறு பக்கம் திருப்பு" என்றால், எல்லாம் உன் மனப்பிரமை என்றுதான் பிள்ளையின் காதில் விழும்.

கூடலூர் ஆதிவாசி மருத்துவமனைபோல, பழங்குடிச் சமூகத்திலிருந்தே செவிலியர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் உருவாக்கிய இடங்களில் இந்த ஒப்புதல் எளிதாகக் கிடைக்கிறது. பிள்ளையின் மொழியில் பேசுகிற, அதன் வீட்டைத் தெரிந்த ஒருவர் கட்டில் அருகே நிற்கும்போது வலியை நடித்துக் காட்ட வேண்டிய தேவை இல்லை.

மைய அரசு 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் நோயை ஒழிப்பது என்பவை இலக்குகள். பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு, அவர்களின் மரபணு நிலையைக் காட்டும் அட்டை கொடுக்கிறார்கள்; திருமணத்துக்கு முன் இருவரின் அட்டையையும் பார்த்து முடிவெடுக்கலாம் என்பது திட்டம். பரிசோதனை வேண்டும், ஆலோசனை வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒழிப்பு என்ற சொல்லை ஏற்கெனவே அந்த நோயோடு பிறந்துவிட்ட பதினாறு வயதுப் பெண் எப்படிக் கேட்பாள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவளுக்கு அந்த அட்டை கல்யாணப் பேச்சில் தன்னைக் கழித்துக் கட்டும் சீட்டாகத் தெரியலாம். இனிப் பிறக்கப்போகிற குழந்தைகளைப் பற்றிய கவலையில் பத்தில் ஒரு பங்காவது, இன்று இரவு அவசரப் பிரிவுக்கு வரப்போகிற பிள்ளையின் வலியைப் பற்றி இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளுக்கு வெந்நீர், இரண்டாவது போர்வை, வகுப்பில் தண்ணீர்ப் பாட்டில், கேட்காமல் எழுந்து கழிப்பறைக்குப் போகும் உரிமை. மழைக்காலக் காலை வழிபாட்டில் வெளியே நிற்பதிலிருந்து விலக்கு. காய்ச்சல் அடித்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனை. இந்த நோயில் மண்ணீரல் சீக்கிரமே செயலிழப்பதால் தொற்று உடலுக்குள் மிக வேகமாகப் பரவும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்த நோயை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. எத்தனை தலைமையாசிரியர்களுக்கு இது தெரியும்? அதே சட்டம் அரசு வேலைக்கான இடஒதுக்கீட்டுப் பட்டியலில் ரத்த நோய்களைச் சேர்க்கவில்லை. பள்ளிப் படிப்பில் பல நாள்களை வலிக்குக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளை, வேலைக்கான போட்டியில் வலியே அறியாதவர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் 12 வயதைத் தாண்டினால் பெரியவர்கள் வார்டுதான். அமெரிக்காவில் 18 வயதையொட்டிக் குழந்தைகள் மருத்துவரிடமிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் காலத்திலேயே இந்த நோயாளிகளின் இறப்புகள் கூடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இங்கே அந்த மாற்றம் இன்னும் இளம் வயதில், முன்னறிவிப்பும் துணையும் இல்லாமல் நடக்கிறது. பழைய மருத்துவர் எழுதிய ஒரு பக்கக் கடிதம் போதும்: பிள்ளையின் பெயர், எந்த மருந்துக்கு எந்த அளவில் வலி தணிகிறது, எது ஒத்துக்கொள்ளாது, காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும், இவர் வலி என்று சொன்னால் உடனே மருந்து கொடுக்கவும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிறப்புப் பிரிவுகள் இப்படி ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக எழுதிக்கொடுக்கின்றன. நீலகிரியில் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதி, மாவட்டத்தின் ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் ஒரு படி வைக்க, புதிய சட்டமோ புதிய நிதியோ தேவையில்லை.